நிறுத்தப்பட்ட தேர்வுக்குப் பயிற்சி: ஐ.டி. சான்றிதழ் படிப்பில் சேரப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஐ.டி. துறையில் முதல் வேலை தேடுகிறவர்கள் பயிற்சி நிறுவனத்துக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கட்டிய பணம் திரும்பி வரவில்லை. உங்கள் பணமாவது தப்பட்டும்.

சர்வர், நெட்வொர்க் நிர்வாகப் பயிற்சி, முடிவில் சர்வதேசச் சான்றிதழ், நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். விளம்பரத் தாளில் மைக்ரோசாஃப்டின் எம்.சி.எஸ்.ஏ. என்ற சான்றிதழின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. பயிற்சி முடிந்ததும் கையில் கொடுத்ததோ, அந்த நிறுவனமே அச்சடித்து முத்திரை குத்திய தாள். தேர்வு எப்போது என்று கேட்டேன். தேர்வுக் கட்டணம் பயிற்சிக் கட்டணத்தில் சேராது என்றார்கள். நானே கட்டிக்கொள்கிறேன் என்று பதிவு செய்யப் போனால், அப்படி ஒரு தேர்வே இல்லை. எம்.சி.எஸ்.ஏ., அதற்கு அடுத்த நிலையான எம்.சி.எஸ்.இ. ஆகியவற்றின் தேர்வுகளை மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரி 31 அன்றோடு நிறுத்திவிட்டது. நான் சேர்ந்தது அதற்குப் பிறகு.

"பெயர்தான் மாறியிருக்கிறது தம்பி, பாடம் அதேதான்" என்றார் பொறுப்பாளர். அது உண்மையல்ல. பழைய சான்றிதழ்களின் இடத்தில் வந்தவை வேலைப் பொறுப்புகளை வைத்துப் பிரிக்கப்பட்டவை. அவற்றில் பல அஸூரைச் சார்ந்தவை. இணையம் வழியே சர்வர்களை வாடகைக்குத் தரும் மைக்ரோசாஃப்டின் மேகக்கணிமைச் சேவைதான் அது. அஸூர் என்ற சொல்லே எங்கள் வகுப்பில் ஒருமுறைகூட வந்ததில்லை.

இந்த வித்தை எடுபடுவதற்குக் காரணம், பயிற்சி தருபவரும் சான்றிதழ் தருபவரும் வேறு வேறு என்பதைப் புதியவர்களிடம் யாரும் சொல்லாததுதான். மைக்ரோசாஃப்ட், நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ, ஐ.டி. சான்றிதழ்கள் வழங்கும் காம்ப்டியா ஆகியவற்றின் சான்றிதழ் தேர்வுகளைப் பியர்சன் வியூ என்ற தேர்வு நிறுவனம் நடத்துகிறது. எந்தப் பயிற்சி நிறுவனத்திலும் சேராமல் நேரடியாகவே பதிவு செய்துகொள்ளலாம். தேர்வின் குறியீட்டு எண், பாடப் பகுதிகள், செல்லுபடியாகும் காலம் எல்லாம் அந்தந்தச் சான்றிதழ் நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கணினிப் பராமரிப்புக்கான தொடக்கநிலைச் சான்றிதழான காம்ப்டியா ஏ பிளஸ் பெற இரண்டு தேர்வுகளில் தேற வேண்டும். ஒரு தேர்வுக் கட்டணத்தை மட்டும் சொல்லிச் சேர்த்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். அனுபவமே இல்லாதவரிடம், தகவல் பாதுகாப்பில் உயர்நிலைச் சான்றிதழான சி.ஐ.எஸ்.எஸ்.பி. வாங்கித் தருகிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தேர்வில் தேறினாலும், அந்தச் சான்றிதழுக்கு ஐந்தாண்டுப் பணி அனுபவம் கேட்கிறார்கள். பட்டம் போன்ற தகுதிகள் அதில் ஓராண்டை மட்டுமே குறைக்கும்.

லேப் என்ற பெயரில் எங்களுக்குக் கிடைத்தவை பழுதான சில கணினிகள். அதற்கு ஈடாக டம்ப்ஸ் கொடுத்தார்கள், அதாவது திருடப்பட்ட தேர்வுக் கேள்விகளும் விடைகளும். இது உதவி அல்ல, ஆபத்து. பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும், மறுபடி தேர்வெழுதவும் தடை வரலாம். அதைக் கொடுத்தவருக்கு எந்த இழப்பும் இல்லை.

வேலை உத்தரவாதத்தைப் பற்றிக் கேட்டபோது ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். சிறிய எழுத்தில் "வேலைவாய்ப்பு உதவி" என்று மட்டும் இருந்தது. அந்த உதவியாக அனுப்பிய நேர்காணல்களும் தொலைபேசி விற்பனை வேலைகளுக்கானவை. கூடுதலாகப் பணம் கொடுத்தால் பொய் அனுபவக் கடிதம் தயார் செய்து தருவதாகவும் சொன்னார்கள். எவ்வளவு நெருக்கடி இருந்தாலும் அதை வாங்காதீர்கள். பின்னணிச் சரிபார்ப்பில் அகப்பட்டால், வேலையில் சேர்ந்த பிறகும் வெளியே அனுப்புவார்கள்.

வேலைவாய்ப்புச் சதவீதங்களையும் அப்படியே நம்பாதீர்கள். முன்பு லாம்டா ஸ்கூல் என்று அழைக்கப்பட்ட அமெரிக்காவின் புளூம்டெக் என்ற நிரலாக்கப் பயிற்சிப் பள்ளி மீது, அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 ஏப்ரலில் நடவடிக்கை எடுத்தது. 86 சதவீதம் வரை வேலை பெற்றதாக விளம்பரம் செய்த பள்ளியின் உள்கணக்கு 50 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. சில வகுப்புகளில் 30 வரை இறங்கியிருந்தது என்று அந்த அமைப்பு கூறியது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு எந்தப் பதவி கிடைத்தது என்று கேளுங்கள். முந்தைய மாணவர்களிடம் நீங்களே பேசுங்கள், நிறுவனம் தேர்ந்தெடுத்துக் காட்டும் ஆட்களிடம் மட்டும் அல்ல.

எனக்கு முதல் வேலை ஹெல்ப் டெஸ்க்கில், அதாவது பயனர்களின் கணினிச் சிக்கல்களைத் தீர்க்கும் பிரிவில் கிடைத்தது. பயிற்சி நிறுவனம் கொடுத்த தாளை அங்கே யாரும் கேட்கவில்லை. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில் விண்டோஸ் சர்வரின் 180 நாள் சோதனைப் பதிப்பை நிறுவி, பயனர்களையும் கணினிகளையும் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியை அமைத்து, பயனர் கணக்குகளை உருவாக்கிப் பழகியிருந்தேன். எங்கே தடுக்கியது, எப்படிச் சரிசெய்தேன் என்று குறிப்பும் எழுதி வைத்திருந்தேன். நேர்காணலில் பெரும்பகுதி அதைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. இதற்கான மென்பொருளுக்கு நான் எதுவும் செலவழிக்கவில்லை.

ஏற்கெனவே பணம் கட்டி உள்ளே இருப்பவர்கள், தேர்வின் குறியீட்டு எண் என்ன, தேர்வுக்குப் பதிவு செய்யத் தரும் வவுச்சர் பயிற்சிக் கட்டணத்தில் அடங்குமா, பணம் திருப்பித் தரும் விதி என்ன என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாயால் சொன்ன பதிலை ஏற்காதீர்கள். விளம்பரத் தாள், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் புகார் கொடுக்கப் போனால் அவற்றைத்தான் கேட்பார்கள்.