"பத்து வருட உத்தரவாதம்": 320,000 ரூபா போன கதை

திருகோணமலையில் பிளேட் (கொங்கிரீட் மொட்டைமாடி) போட்ட தொடர்மாடிகளில் இருப்பவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். எங்கள் தொடர்மாடியின் பிளேட்டுக்கு ஒழுக்குத் தடுக்கும் பூச்சுப் பூசக் காசு சேர்த்தோம். எட்டு வீடு, வீட்டுக்கு 40,000, மொத்தம் 320,000 ரூபா. வேலை முடிந்து மூன்று கிழமை ஆகவில்லை, ஐப்பசி மழை இரண்டு நாள் சேர்ந்து பெய்ததோடு மேல்மாடியில் நாலு வீட்டிலும் ஒழுக்கு. பூசுவதற்கு முன்பு இரண்டு வீட்டில்தான் ஒழுகியது.

இணையத்தில் வேலையாட்களை அறிமுகம் செய்யும் ஒரு தளத்தில்தான் ஆளைப் பிடித்தது. வேலை தெரியாதவர் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். சின்னச் சுத்தியலால் பிளேட்டைத் தட்டித் தட்டி, பொள்ளலாகக் கேட்ட இடமெல்லாம் சோக்கால் வட்டம் போட்டார். ஒரு மூலையில் மருந்தைப் பூசி, அடுத்த நாள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் காட்டினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. "அண்ணை, பத்து வருசத்துக்கு இந்தப் பக்கம் ஏறத் தேவையில்லை" என்றார். அந்த இடத்திலேயே எல்லோரும் சம்மதித்தோம், முழுக்காசும் கைமாறியது. ஊற்றி ஓடவிடும் தண்ணீரை எந்தப் பெயின்டும் ஒரு நாள் தாங்கும். தேங்கி நிற்கிற தண்ணீரைத் தாங்குமா என்று பார்ப்பதுதான் சோதனை.

எங்கள் பிளேட் 1,600 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 150 சதுர மீற்றர். விலைச்சீட்டில் எழுதியிருந்தது பவுடரும் பால் போன்ற திரவமும் கலக்கும் சீமெந்துப் பூச்சு, இரண்டு கோட், அதாவது இரண்டு தடவை பூச வேண்டும். ஒரு கோட்டுக்குச் சதுர மீற்றருக்கு ஒரு கிலோ அளவில் போகும். அப்படியென்றால் 300 கிலோ, 20 கிலோ வாளி 15 வேண்டும். பின்பக்கம் கிடந்த வெற்று வாளிகளை எண்ணினால் ஆறு! தண்ணீர் கலந்து இழுத்து ஒரே கோட்டில் முடித்திருக்கிறார்கள், அதுவும் பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டாமல்.

அதைவிட மோசம் சுவரோர மூலை. வெயிலில் பிளேட் ஒரு மாதிரி விரியும், கைப்பிடிச் சுவர் வேறு மாதிரி விரியும், அதனால் வெடிப்பு முதலில் அங்கேதான் வரும். அந்த மூலையில் ஒன்றுக்கு மூன்று சீமெந்து மணல் கலவையால் 50 மில்லிமீற்றர் சாய்வு கட்டி, வலைத்துணி பதித்து, பூச்சைச் சுவரில் ஓரடி ஏற்றியிருக்க வேண்டும். அவர்கள் தரையோடு நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் மூலையால் இறங்கிப் பூச்சுக்கு அடியால் ஓடி, எங்கேயோ தள்ளிச் சொட்டுகிறது. பூச்சு பாலாடை மாதிரி உரிகிறது. கடற்காற்று அடிக்கிற ஊரில் இந்த ஈரம் பிளேட்டுக்குள் இருக்கும் கம்பிக்குப் போனால் துரு பொங்கி சீலிங் பூச்சும் கழன்று விழும்.

கேட்டபோது முதலில், "பழைய ஈரம் அண்ணை, இறங்கி முடிய நிக்கும்." பிறகு, "உங்கட தண்ணித் தாங்கி பைப்தான் லீக்." தாங்கிக்குத் தண்ணீர் வரும் வால்வைப் பூட்டி, வீடுகளில் ஒருவரும் தண்ணீர் திறக்காமல் ஒரு இரவு விட்டுப் பார்த்தோம், மட்டம் ஒரு விரல்கூட இறங்கவில்லை. பிறகு, "மழை விடட்டும்." இப்போது போனே எடுப்பதில்லை. தளத்துக்காரரோ, "நாங்கள் அறிமுகம் செய்வது மட்டும்தான், காசு விசயம் உங்களுக்குள்ள" என்று கையை விரித்துவிட்டார்கள். உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கிறது: நீர் தேங்கும் இடங்களுக்குப் பொருந்தாது. மொட்டைமாடிக்குக் கொடுத்த அட்டையில்! 320,000 ரூபா வாங்கிக்கொண்டு! நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறோம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், மழை இருட்டிக்கொண்டு வருகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பூச்சு வேலையை ஆவணிக்குள் முடியுங்கள், ஈரப் பிளேட்டில் எதுவும் ஒட்டாது. வாளிகளைச் சீல் உடைக்க முதல் எண்ணுங்கள். காசில் மூன்றில் ஒரு பங்கையாவது பிடித்து வையுங்கள். பூச்சு நன்றாகக் காய்ந்தபின் பீலி வாய்களை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணித்தியாலம் விட்டு, கீழே ஒவ்வொரு வீட்டுச் சீலிங்கையும் பார்த்தபின் மிச்சத்தைக் கொடுங்கள். படிக்கட்டு லைட்டுக்குள் தண்ணீர் இறங்கினால் எதையும் தொட முதல் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். எங்கள் படிக்கட்டில் மூன்று நாளாக நிறுத்தித்தான் இருக்கிறது.