பழைய ஹெல்ப் ஃபைலைப் பிரிக்க ஹெல்ப்டெகோ: அஞ்சுக்கு நாலு

எங்கள் மில் லேபில், நூல் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்கும் ஈவன்னஸ் டெஸ்டரோடு இருந்த விண்டோஸ் எக்ஸ்.பி. கம்ப்யூட்டர் போன தை மாசம் மண்டையைப் போட்டது. சாஃப்ட்வேரை விண்டோஸ் 10-இல் ஏற்றினேன், ஓடிவிட்டது. ஆனால் ஹெல்ப்பைத் தட்டினால் 'இதற்கு இனி ஆதரவு இல்லை' என்கிற பக்கம்தான் வருகிறது. லேப் அக்காவோ, "தம்பி, எரர் 27 வருது, என்னன்னு பாத்துச் சொல்லுப்பா" என்று தினம் ஒரு போன். விற்ற கம்பெனியைக் கேட்டால் புது வெர்ஷன் வாங்கச் சொல்கிறார்கள்.

அந்த ஹெல்ப் இருப்பது ஹெச்.எல்.பி. என்கிற பழைய வகை ஃபைலில். அதைத் திறக்கும் மைக்ரோசாஃப்ட் புரோகிராமான வின்ஹெல்ப் 1990-இல் விண்டோஸ் 3.0-வோடு வந்தது. விஸ்டாவில் எடுத்துவிட்டு, 8.1 வரைக்கும் தனி டவுன்லோடாகத் தந்தார்கள். 10-க்கு அதுவும் கிடையாது. ஈபுக் மாற்றும் காலிபர், ஜிப் பிரிக்கும் செவன்-ஜிப் இரண்டுமே ஹெல்ப் ஃபைலில் அடுத்து வந்த சி.ஹெச்.எம். வகையைத்தான் பிரிக்கும். ஹெச்.எல்.பி.யைக் கொடுத்தால் கைவிரித்துவிடும்.

அப்படித்தான் ஹெல்ப்டெகோவுக்கு வந்தேன். மான்ஃப்ரெட் வின்டர்ஹாஃப் எழுதிய இலவசக் கருவி. மைக்ரோசாஃப்ட் வெளியிடாத ஃபைல் அமைப்பை மனுஷன் தானே துருவிக் கண்டுபிடித்து, அதையும் எழுதி வைத்திருக்கிறார். ஜன்னல், பட்டன் ஒன்றும் இல்லை. கமாண்ட் ப்ராம்ப்ட் என்கிற கறுப்புத் திரையில் கருவியின் பெயரை அடித்து, பக்கத்தில் ஃபைல் பெயரைக் கொடுத்தால் சில நொடியில் எழுத்தெல்லாம் உள்ள ஒரு ஆர்.டி.எஃப்., ஹெல்ப்பைத் திரும்பக் கட்டுவதற்கான ப்ராஜெக்ட் ஃபைலாக ஒரு ஹெச்.பி.ஜே., கூடவே படங்கள்.

ஆர்.டி.எஃப்.பை லிப்ரே ஆபீஸில் திறந்ததும் பயந்துபோனேன். தலைப்புக்குத் தலைப்பு #, $, K என்று அடிக்குறிப்பு. சில சொற்களுக்கு இரட்டை அடிக்கோடு, சிலதுக்கு ஒற்றை. ஃபைல் கெட்டுப்போச்சு என்றே நினைத்தேன். கெடவில்லை, ஹெல்ப்பை முதலில் எழுதிய மூல வடிவமே அதுதான். # பக்கத்தின் அடையாளம், $ தலைப்பு, K தேடுசொல். இரட்டைக் கோடு வேறு பக்கத்துக்குத் தாவும் லிங்க், ஒற்றைக் கோடு குட்டியாக எழும் பாப்அப். ஒருத்தர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கோடு போட்டிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

படிக்க மட்டும் போதும் என்றால் கடைசியில் ஸ்லாஷ் ஆர் சேர்த்து ஓட்டுங்கள், பழைய ஹெல்ப் போலவே வரிசையாக வரும். அதை பி.டி.எஃப். ஆக்கிப் பார்த்தேன். லிங்க் ஒன்றும் வேலை செய்யவில்லை. 'நெப்ஸ்' (நூலில் வரும் குட்டிப் பஞ்சு முடிச்சு) என்றால் என்ன என்கிற பாப்அப் எங்கோ கடைசிப் பக்கத்தில் அனாதையாகக் கிடக்கிறது.

லிங்க் வேண்டுமென்றால் இன்னொரு கருவியும் வேண்டும். மைக்ரோசாஃப்டின் பழைய ஹெச்.டி.எம்.எல். ஹெல்ப் வொர்க்‌ஷாப்பில் புது ப்ராஜெக்ட் தொடங்கும்போது, வின்ஹெல்ப் ப்ராஜெக்டை மாற்றவா என்று ஒரு டிக் இருக்கும். அங்கே அந்த ஹெச்.பி.ஜே.வைக் கொடுத்தேன். வந்ததை சி.ஹெச்.எம். ஆக்கி, காலிபரில் போட்டு, போனில் படிக்கும் ஈபுக்காக (ஈபப்) எடுத்தேன். (மெயிலில் வந்த சி.ஹெச்.எம்.மின் வலது பக்கம் காலியாக இருந்தால் பதறாதீர்கள். ப்ராப்பர்ட்டீஸில் 'அன்ப்ளாக்' டிக் செய்தால் போதும்.)

ஒரு நட்சத்திரம் குறைத்தது படத்துக்காக. மெஷின் முகப்புப் படம் ஒன்று, பாகத்தைத் தொட்டால் விளக்கம் வருகிற வகை, எஸ்.ஹெச்.ஜி. ஃபைலாக வந்தது. என்னிடம் இருந்த எந்தப் பட வியூவரும் அதைத் திறக்கவில்லை. கடைசியில் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்.பி. போட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒட்டினேன். ஒரு படத்துக்கு அரை நாள். கறுப்புத் திரை பழகாதவர்கள் தெரிந்தவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈபப் இப்போது அக்கா போனில் இருக்கிறது. எரர் 27, சென்சார் இடுக்கில் பஞ்சு அடைத்திருக்கிறதாம். ஊதிவிட்டார், சரியாகிவிட்டது.