ரூ.38,500 வாங்கினார்கள், "விழுந்தபோது பார்த்தது யார்?" என்று மட்டும் கேட்கவில்லை

இன்று மதியம்தான் அரசு மருத்துவமனையிலிருந்து திரும்பினோம். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். முதல்முறை வலிப்பு மாதிரி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

போன வாரம் சஷ்டி. தம்பி விரதம், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கோயில் வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றவன் திடீரென்று விழுந்தான். கைகால் வெட்டி இழுத்திருக்கிறது. அர்ச்சனைச் சீட்டு வாங்கப் போயிருந்த நான் ஓடி வந்து பார்த்தால், யாரோ அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்து விரல்களை அழுத்திப் பிடித்திருந்தார்கள். சாவியின் பல் பதிந்த தடம் சாயங்காலம் வரை உள்ளங்கையில் சிவந்து கிடந்தது.

அன்று இரவு தூக்கம் வராமல் போனில் தேடினேன். வீட்டுக்கே வந்து பரிசோதனை செய்யும் மருத்துவச் செயலி ஒன்று. நம்பரைக் கொடுத்த இரண்டாவது நிமிடம் ஒரு பெண் அழைத்தார். "அக்கா, அழாதீங்க. உங்க தம்பி எனக்கும் தம்பிதான். இன்னொரு தடவை வந்தா உயிருக்கே ஆபத்துக்கா, இப்பவே புக் பண்ணிடுங்க." அந்த 'அக்கா'வில்தான் விழுந்தேன். மூளை அலைப் பரிசோதனை (இ.இ.ஜி.), எம்.ஆர்.ஐ., நரம்பியல் நிபுணர், ஒரு வருடக் கண்காணிப்பு, எல்லாம் சேர்த்து ரூ.38,500. சீட்டுக் கட்ட வைத்திருந்த பணம். அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இ.இ.ஜி. எடுத்தார்கள். எம்.ஆர்.ஐ. என்று சொல்லி அழைத்துப்போன இடத்தில் எடுத்தது சி.டி. ஸ்கேன். நிபுணர் வீடியோ காலில் நான்கு நிமிடம் பேசினார். எப்படி விழுந்தான், சாப்பிட்டிருந்தானா, எழுந்ததும் என்ன பேசினான், ஒரு கேள்வி கிடையாது. ரிப்போர்ட்டைப் பார்த்து, "வலிப்பு நோய். மூன்று வருஷம் மாத்திரை" என்றார். வீட்டில் பெண் பார்க்கும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அப்பா அன்று சாப்பிடவில்லை. மாத்திரை போட்டதிலிருந்து தம்பி எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான்.

இன்று அரசு மருத்துவமனை டாக்டர் ஃபைலைத் திறக்கக்கூட இல்லை. "விழும்போது பார்த்தவங்க யாரு?" என்றார். நான் இல்லை, பக்கத்தில் இருந்த பூக்கார அம்மா. "நம்பர் இருக்கா? போடுங்க." ஸ்பீக்கரில் அந்த அம்மா சொன்னது: "கண்ணு இருட்டுதுன்னு சொன்னுச்சு, முகம் வெளுத்து வேர்த்துக் கொட்டுச்சு. நாலஞ்சு தடவை வெட்டுச்சு, அவ்வளவுதான். உடனே எழுந்து அர்ச்சனைத் தட்டு எங்கேன்னு கேட்டுச்சு."

நாக்கின் ஓரத்தில் கடி இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்த்தார், ஈ.சி.ஜி. எடுத்தார். இதயத் துடிப்புக் கோளாறும் வலிப்பு மாதிரியே ஆளைக் கீழே தள்ளுமாம், அதனால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டுமாம். ரூ.38,500 பேக்கேஜில் அந்த ஈ.சி.ஜி. இல்லவே இல்லை! இது பெரும்பாலும் மயக்கம்தான், மயக்கத்திலும் சில நொடி கைகால் வெட்டும் என்றார். வலிப்பாக இருந்தால் எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் குழம்பிப்போய் இருப்பார்களாம். இ.இ.ஜி. மட்டும் வைத்து வலிப்பு நோய் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. நிஜமாகவே ஒரு தடவை வந்திருந்தால்கூட அது உடனே நோயாகிவிடாது. 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளியில் இரண்டு தடவை காரணமில்லாமல் வர வேண்டும், அல்லது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்று பரிசோதனையில் தெரிய வேண்டும். மாத்திரையை எப்படி நிறுத்துவது என்று எழுதிக் கொடுத்தார். ஒரு பைசா செலவில்லை.

வெளியே வந்ததும் செயலிக்குப் போன் போட்டேன். முதல் ஆள், "டீம் கூப்பிடுவாங்க மேடம்." இரண்டாவது ஆள், "48 மணி நேரம் டைம் கொடுங்க." மூன்றாவது ஆள், "சேவை முடிஞ்சிருச்சு, ரீஃபண்ட் வராது." அக்கா என்று கூப்பிட்ட பெண்ணின் நம்பருக்கு ரிங் போகவே இல்லை. சாயங்காலம் ஒரு மெசேஜ் வந்தது: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? ரூ.38,500!

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை ஓடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். யாராவது விழுந்து வெட்டினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். நேரம் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. முடிந்தால் ஒருவர் வீடியோ எடுங்கள், பார்த்தவரின் நம்பரை வாங்குங்கள், டாக்டரிடம் அவரையே பேச வையுங்கள். டாக்டர் பார்க்கும்வரை வண்டி, கிணறு, உயரம் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே மாத்திரை போடுபவர்கள் இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. ராத்திரியில் போனில் பேக்கேஜ் வாங்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன், நாளைக்கு வங்கிக்கும் போகிறேன்.