தங்க நங்கூரத்தை நம்பி 680 பவுண்ட் போச்சு. பீங்கான் வாங்குறவங்க தயவுசெய்து படிங்க

கை இன்னும் நடுங்குது. கோபத்துல எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. 680 பவுண்ட். எட்டு மாசம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு.

பழைய பொருள் ஏலம் விடுற ஒரு தளம். அதுல போன மாசம் ஒரு பீங்கான் பொம்மை வந்துச்சு. பூத்த மரத்தடியில ஆட்டுக்குட்டியோட உட்கார்ந்திருக்கிற இடையர் பெண். நீலக் கட்டம் போட்ட மேசை விரிப்பு மேல வச்சு எடுத்த படம். "தங்க நங்கூர முத்திரை, அம்மாவின் அலமாரியிலிருந்து" அப்படின்னு விளக்கம். அடியில தங்க நங்கூரம் இருந்தா லண்டன் செல்சீ பீங்கான் பட்டறைன்னு இந்தப் பைத்தியம் பிடிச்ச எல்லாருக்கும் தெரியும். நிக்கோலஸ் ஸ்ப்ரிமோன்ட் நடத்தினது, சுமார் 1758லேருந்து 1769 வரைக்கும் அந்த முத்திரை. விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு எத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்திருப்பேன்! சொந்தமா ஒண்ணு வீட்டுக்கு வரப் போகுதுன்னு நினைச்சதுமே எனக்குப் புத்தி வேலை செய்யலை.

வித்த ஆள் போன்ல நாற்பது நிமிஷம் பேசினார். என்கிட்ட என்னென்ன இருக்குன்னு கேட்டார். பிறை முத்திரை போட்ட என் உஸ்டர் (இன்னொரு பழைய இங்கிலீஷ் பட்டறை) கிண்ணத்தைப் பத்திச் சொன்னப்போ பொறுமையா கேட்டார். கடைசியா, "உங்களை மாதிரி மதிக்கத் தெரிஞ்சவங்க கைக்குப் போனாதான் அம்மாவுக்கு நிம்மதி" அப்படின்னார். அதுல விழுந்தேன். அப்புறம்தான் மெதுவா, "தளத்துக்கு எதுக்குக் கமிஷன்? நேரா என் கணக்குல போடுங்க, 750ஐ 680 ஆக்கிடறேன்." போனை வச்ச பத்து நிமிஷத்துல அனுப்பிட்டேன்.

பார்சலைப் பிரிச்சுக் கையில எடுத்தப்பவே நெஞ்சு திக்குன்னுச்சு. கண்ணாடி மாதிரி சில்லுன்னு, பளபளன்னு. செல்சீ சாஃப்ட் பேஸ்ட், அதாவது குறைஞ்ச சூட்டுல சுட்ட மென்மையான பீங்கான்; தங்க நங்கூரக் காலத்துப் பொருள்ல எலும்புச் சாம்பல் கலந்திருக்கும். மேல்பூச்சு மடிப்புகள்ல கெட்டியா தேங்கி நிக்கும், அங்கங்கே மயிரிழை விரிசல் ஓடும். இதுல ஒண்ணும் இல்லை. திருப்பினா, அடியில நட்டநடுவுல நங்கூரம். ஸ்கேல் வச்சு அளந்தேன், ஒரு செ.மீ. அசல் நங்கூரம் பெரும்பாலும் 6 மி.மீ.கூட இருக்காது, பொம்மைன்னா பின்பக்கம் ஓரமா ஒளிஞ்சிருக்கும். இது எனக்குத் தெரியும்! தெரிஞ்சும் முத்திரையைக் கிட்டத்துல படம் எடுத்து அனுப்புங்கன்னு கேட்கலை. யூவி (புற ஊதா) டார்ச் அடிச்சா கழுத்தைச் சுத்தி ஒரு வளையம் தனியா வெளுத்துத் தெரியுது. உடைஞ்ச கழுத்தை ஒட்டி மேல பெயின்ட் பூசியிருக்காங்க.

தெரிஞ்ச வியாபாரி ஒருத்தர்கிட்ட காட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகலை. "சாம்சன் வேலை, பாரிஸ்." 1845ல எட்மே சாம்சன் தொடங்கினது, பழைய பீங்கான்களை அச்சு அசலா நகல் எடுத்தே பேர் வாங்கின பட்டறை. ஹார்டு பேஸ்ட், அதாவது அதிகச் சூட்டுல சுட்ட கெட்டிப் பீங்கான், அதான் அந்தச் சில்லிப்பு. சாம்சன்னு சொல்லி வித்திருந்தா எனக்குச் சண்டையே இல்லை, அதுக்கான விலையைக் கொடுத்திருப்பேன்.

அந்த ஆள்கிட்ட கேட்டா, "நங்கூரம் இருக்குன்னேன், இருக்கு. செல்சீன்னு எங்கே எழுதினேன்?" விளம்பரத்தைத் திரும்பப் படிச்சேன். நிஜமாவே அந்த வார்த்தை இல்லை. போன்ல மூணு தடவை சொன்னாரே, அதுக்கு என்ன சாட்சி? அடுத்த மெசேஜுக்குள்ள என்னை பிளாக் பண்ணிட்டார். தளத்துக்கு மூணு மெயில் போட்டேன், மூணுக்கும் ஒரே பதில்: "பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லை." பேங்க்ல, "பொருள் கைக்கு வந்துடுச்சே, இது சிவில் தகராறு." 680 பவுண்ட், யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை.

எப்படிச் சோதிக்கணும்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போ முடியலை. தளத்துக்கு வெளியே ஒரு பென்னிகூட அனுப்பாதீங்க. முத்திரை பக்கத்துல ஸ்கேல் வச்சுப் படம் கேளுங்க. பட்டறைப் பேரையும் காலத்தையும் எழுத்துல வாங்குங்க, பேச்சை நம்பாதீங்க.

நேத்து ராத்திரி பார்த்தேன், அதே ஆள் இன்னொண்ணு போட்டிருக்கார். அதே நீலக் கட்டம் போட்ட விரிப்பு, அதே அம்மாவின் அலமாரி. இந்தத் தடவை சிவப்பு நங்கூரம், அதுவும் செல்சீயோட பழைய முத்திரைதான். யாராவது அவர்கிட்ட பேசிட்டு இருந்தா, பணத்தை அனுப்பாதீங்க.