மைக்ரோலாம் எல்விஎல் பீம்: பொருள் தரம், கெடுவது கையாளுவதில்

டொரொன்டோ வட்டாரத்தின் ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து வீடுகளில் குசினிக்கும் ஹாலுக்கும் நடுவே பாரம் தாங்கி நிற்கும் சுவரை எடுத்தால், அந்த இடத்தில் பெரும்பாலும் ஏறுவது எல்விஎல் (மரத்தகடுகளை ஒட்டிச் செய்த மரம்) பீம்தான். அதில் வேர்ஹவுசர் நிறுவனத்தின் மைக்ரோலாம் நல்ல சரக்கு. ஒரு பிளை, அதாவது ஒரு தனிப் பலகை, 1¾ அங்குலத் தடிப்பு; இரண்டு, மூன்று பிளைகளைச் சேர்த்துப் பூட்டினால் ஒரு பீம். 9½, 11⅞, 14 அங்குல ஆழங்களே (நிறுத்தினால் வரும் உயரம்) அதிகம் போகும். சீவிய மெல்லிய மரத்தகடுகளை எல்லாம் ஒரே நார்த்திசையில் ஒட்டி அழுத்தியிருப்பதால் நேராக இருக்கும், முறுக்காது. அறுத்த மரத்தில் வரும் பெரிய முடிச்சும் வெடிப்பும் இதில் பலத்தைக் குறைப்பதில்லை. பொருளில் குறை சொல்ல அதிகமில்லை. லாரியிலிருந்து இறங்கிய பிறகுதான் ஆட்கள் அதைக் கெடுக்கிறார்கள்.

11⅞ அங்குலப் பிளை அடிக்கு 6 பவுண்டுக்குச் சற்று மேல். 20 அடி என்றால் ஒன்றே 120 பவுண்ட். மூன்று பிளையையும் கீழே பூட்டிவிட்டுத் தூக்கினால் 360க்கு மேல். ஆகவே ஒவ்வொன்றாக ஏற்றி, மேலே வைத்துப் பூட்டுங்கள். தூக்கும்போது நிமிர்த்தியே, அதாவது குறுகிய விளிம்பு கீழே வரும்படி, பிடிக்க வேண்டும். படுக்கையாகப் பிடித்தால் அதன் விறைப்பு நிமிர்த்தியதில் 46இல் ஒரு பங்குதான். நடுவில் தொய்ந்து ஆளைத் தள்ளும். பலகைகளைச் சுற்றிவரும் மேலுறை ஈரத்திலும் பனியிலும் பயங்கரமாக வழுக்கும், அடுக்கின் மேல் ஏறி நிற்காதீர்கள். பிக்கப்பில் கொண்டுவந்தால், பின்னால் 1.5 மீட்டரோ அதற்கு மேலோ நீட்டும் பாரத்துக்குப் பகலில் சிவப்புக் கொடி, இருட்டியபின் சிவப்பு விளக்கு என்பது ஒன்டாரியோ சட்டம். டெலிவரிக்குப் பணம் கொடுப்பதே மேல்.

இனி ஈரம். பிளைவுட்டில் குறுக்கு நார் அடுக்குகள் உப்பலைத் தடுக்கும். எல்விஎல்லில் அந்தக் குறுக்கு அடுக்கு இல்லை. முற்றத்தில் படுக்கையாகக் கிடக்கும் பிளையின் மேல்முகம் மட்டும் மழையில் நனைந்தால், அந்த முகம் ஆழவாக்கில் விரிந்து பலகை வளையும். வளைந்த மூன்றைச் சேர்த்தால் நடுவில் இடைவெளி விழும், ஆணி அதை இழுத்து மூடாது. ஆகவே சமதரையில், 10 அடிக்கு மிகாத இடைவெளியில் கட்டைகள் வைத்து, மண்ணில் படாமல் அடுக்குங்கள். அடுக்குகளுக்கு நடுவில் வைக்கும் கட்டைகள் கீழ்க்கட்டைகளுக்கு நேர்மேலே வர வேண்டும். பூட்டும் நாள்வரை உறையைக் கிழிக்காதீர்கள். மேலே தார்ப்பாய் போட்டாலும் பக்கங்களில் காற்றுப் போகட்டும்.

பூட்டும்போது முதலில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், பிறகு ஆணி. பாரம் மேலிருந்து சமமாக இறங்கும் பீமுக்கு 3 அங்குல ஆணி (10டி) என்றால் மூன்று வரிசை, 12 அங்குல இடைவெளி. 14 அங்குல ஆழமும் அதற்கு மேலும் நான்கு வரிசை. மூன்று பிளை என்றால் இரு பக்கமிருந்தும் அடிக்க வேண்டும். ஜாய்ஸ்டுகள் (தரையைத் தாங்கும் மரச்சட்டங்கள்) ஒரு பக்கத்தில் ஹேங்கரில் (உலோகத் தாங்கி) தொங்கினால் கதை வேறு. வெளிப்பிளையில் ஏறும் பாரத்தை மற்றப் பிளைகளுக்குக் கடத்துவது இந்த ஆணிகளும் ஸ்க்ரூக்களும்தான். அதற்கு எஞ்சினியர் வரைபடத்தில் உள்ள எண்ணிக்கையே சட்டம். இங்கே சிம்சன் எஸ்டிடபிள்யூ ஸ்க்ரூ அருமையான தீர்வு: இரண்டு பிளைக்கு 3⅜, மூன்றுக்கு 5, நான்குக்கு 6¾ அங்குலம். முன்துளை வேண்டாம், ஒரே பக்கமிருந்து ஏற்றலாம், மறுபக்கம் சுவரோடு ஒட்டியிருந்தாலும் வேலை நடக்கும். டிரைவால் ஸ்க்ரூவை இந்த வேலைக்குத் தொடவே கூடாது, பட்டென்று முறியும்.

பழைய 2x10 ஜாய்ஸ்ட் 9¼ அங்குலம், பீம் 9½. மேல்மட்டத்தைச் சமப்படுத்தினால் கீழே சீலிங்கில் கால் அங்குலம் தள்ளும், முன்பே கணக்குப் பாருங்கள். ஈரமுள்ள புதிய ஜாய்ஸ்ட் போட்டால் அது காய்ந்து சுருங்கும், எல்விஎல் சுருங்காது. தரையில் பீமின் மேல் மேடு தெரியும். அதனால் புதிய ஜாய்ஸ்டைச் சற்று உயர்த்தி வைப்பது நல்லது.

மூன்று பிளை பீம் 5¼ அங்குல அகலம். கீழே நிற்கும் போஸ்ட் (தூண்) அந்த மூன்றையும் தாங்க வேண்டும். போஸ்டுக்கு நேர்கீழே தரைக்குள்ளும் கட்டியான மரம் நிறைத்து, பாரத்தைக் கொங்கிரீட் வரை இறக்குங்கள். பலரும் விடுவது இதைத்தான், தரை நசுங்கிய பிறகே தெரியும். பிளம்பர் வந்து பீமின் விளிம்பில் வெட்டு வைக்க இடம் கொடுக்காதீர்கள். அவசியமென்றால் சிறிய வட்டத் துளை, அதுவும் ஆழத்தின் நடு மூன்றிலொரு பங்கில், நிறுவனத்தின் அட்டவணை அனுமதிக்கும் இடத்தில் மட்டும்.

இது உலர்ந்த இடத்துக்கான பொருள். வீட்டுக்குள் தயங்காமல் வாங்கலாம். வெளியே டெக்குக்கு வேண்டாம், அதற்கு மருந்தேற்றிய மரத்தைப் பாருங்கள்.