பேன் ஷாம்பு, பொடுகு ஷாம்பு: எந்தத் தலைக்கு எந்த பாட்டில்?

அக்கா மகளின் தலையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிந்தபோது, பொடுகு என்று முடிவு கட்டியவன் நான்தான். குளியலறை அலமாரியில் பாதி தீர்ந்த கீட்டோகோனசோல் ஷாம்பு இருந்தது. மருந்து ஷாம்புதானே என்று வாரத்துக்கு இரண்டு முறை, இரண்டு வாரம் விடாமல் தேய்த்துக் குளிப்பாட்டினோம். புள்ளிகள் அப்படியே இருந்தன, அரிப்புதான் கூடியது. பதினைந்தாம் நாள் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, காதுக்குப் பின்னால் முடியை வகிர்ந்து, ஒரு புள்ளியை நகத்தால் தள்ளிப் பார்த்தேன். நகரவில்லை. பொடுகு என்றால் ஊதினாலே பறந்துவிடும். இதுவோ ஒற்றை முடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பசை போட்டு ஒட்டியதுபோல் இருந்தது. ஈர். பூஞ்சையைக் கொல்லும் மருந்தை இரண்டு வாரமாகப் பூச்சிக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அன்றிலிருந்து 'மருந்து ஷாம்பு' என்ற சொல்லின் மீதே எனக்குக் கோபம். அந்த ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மருந்துகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று பூச்சியின் நரம்பைத் தாக்குகிறது. இன்னொன்று பூஞ்சை வளரவிடாமல் செய்கிறது. மற்றொன்று காய்ந்த செதிலை இளக்கி உதிர்க்கிறது. பேன் ஷாம்பு நல்லதா, பொடுகு ஷாம்பு நல்லதா என்று கேட்பது, இருமல் மருந்து நல்லதா, கண் சொட்டு மருந்து நல்லதா என்று கேட்பதைப் போன்றது. ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் எது மேல் என்றுதான் பார்க்க வேண்டும்.

பேனுக்கு எதிராக

முதலில் பேனின் நாட்காட்டி. பெண் பேன் ஒன்று நாளுக்கு எட்டு ஈர் வரை இடும். ஈர் பொரிக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். பொரித்த குஞ்சு, தானும் ஈர் வைக்கிற பருவத்தை அடைய மேலும் 9 முதல் 12 நாள். வளர்ந்த பேன் தலையில் ஒரு மாதம் வரை வாழும். தலையை விட்டு விழுந்தால் ஓரிரு நாளில் செத்துப்போகும். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்பார்களே, அதில் முதல் பாதிக்கு யாருடைய உதவியும் வேண்டாம். பத்து நாள் சும்மா இருந்தால் போதும். பேன் மருந்துகளில் பல, பேனைக் கொல்லும் அளவுக்கு ஈரைக் கொல்வதில்லை. எந்த மருந்தின் தரத்தையும் இந்த இடத்தில் வைத்துத்தான் எடை போட வேண்டும்.

பெர்மெத்ரின் 1% பலருக்கும் பழக்கமான மருந்து. ஷாம்பாகவும் கிரீமாகவும் லோஷனாகவும் வருகிறது. இரண்டு மாதக் குழந்தை முதல் எல்லோருக்கும் பயன்படுத்தலாம்; பத்து நிமிடம் வைத்து அலசினால் போதும். இதன் பெரிய சௌகரியம் அதுதான். தலையை முதலில் சாதாரண ஷாம்பால் அலசித் துண்டால் துவட்டிவிட்டுப் போட வேண்டும். அதற்கு முன் கண்டிஷனர் போட்டிருந்தால் மருந்து முடியில் பிடிக்காது. போட்ட பிறகு ஓரிரு நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது. முடியில் தங்கும் மருந்துதான் அடுத்த சில நாளில் பொரித்து வரும் குஞ்சுகளைச் சந்திக்கப்போகிறது. மறுநாளே 'நாற்றம் போகட்டும்' என்று நுரை பொங்கத் தேய்த்துவிட்டு, மருந்து சரியில்லை என்று குறை சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் நாள் இரண்டாம் முறை போட வேண்டும். பெரும்பாலும் தவறிப்போவது இந்த இரண்டாம் முறைதான்.

ஆனால் இன்னொரு சிக்கல் உண்டு. அதற்கு நாம் பொறுப்பல்ல. பூச்சியின் நரம்புச் செல்லில் சோடியம் போய்வரும் நுண்வாயில்களைத் திறந்தபடியே நிறுத்திவிடுவதுதான் பெர்மெத்ரின் செய்யும் வேலை. பேன் துடித்து, முடங்கி, சாகும். பல ஆண்டுகள் இதையே போட்டுவந்ததால், அந்த வாயிலின் அமைப்பு மாறி, மருந்துக்கு மசியாத பேன்கள் பல நாடுகளில் பெருகிவிட்டன. தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. மருந்து போட்டு 8 முதல் 12 மணி நேரம் கழித்துச் சீவிப் பாருங்கள். பேன்கள் தள்ளாடி நகர்ந்தால் மருந்து வேலை செய்கிறது, பொறுத்திருக்கலாம். செத்த பேன் ஒன்றுகூட இல்லாமல், இருப்பவை பழைய வேகத்திலேயே ஓடினால், அதே மருந்தை மறுபடியும் ஊற்றுவது வீண்.

பைரெத்ரின் ஷாம்புகள் இதன் மூத்த உறவு. செவ்வந்திக் குடும்பப் பூவிலிருந்து எடுப்பது. உலர்ந்த முடியில் போட வேண்டும். செவ்வந்தி ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவேண்டாம். பூவிலிருந்து வருவதால் மென்மையானது என்று நம்ப வேண்டியதில்லை. எதிர்ப்புச் சிக்கல் இதற்கும் உண்டு.

டைமெத்திகோன் முற்றிலும் வேறு வழியில் போகிறது. இது சிலிக்கோன் எண்ணெய், நஞ்சு அல்ல. பேனின் உடலைப் போர்த்தி, அது உடலிலிருந்து நீரை வெளியேற்றும் வழியை அடைத்துவிடுகிறது. நரம்பைத் தொடாததால் பேன் இதற்குப் பழகிக்கொள்வது கடினம். 4% லோஷனை எட்டு மணி நேரம் வைத்திருக்க வேண்டும், அதாவது ஒரு ராத்திரி முழுக்க. ஏழு நாள் கழித்து மறுபடியும். குறை என்றால், தலை எண்ணெயில் முக்கி எடுத்ததுபோல் இருக்கும், தலையணை உறை பாழாகும். இன்னொன்று அற்பமானதல்ல: இந்த லோஷன் ஊறிய முடி தீப்பிடிக்கக்கூடியது. அடுப்பு, மெழுகுவத்தி, சிகரெட் எதன் பக்கமும் போகக் கூடாது.

அடுத்தது சீப்பு. இதை மருந்தோடு ஒரே வரிசையில் வைத்து ஒப்பிடுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஈரத் தலையில் கண்டிஷனரைத் தாராளமாகப் பூசினால் பேன் சற்று நேரம் அசையாமல் நிற்கும். நெருக்கமான உலோகப் பல் கொண்ட பேன் சீப்பைத் தோலில் படும்படி வைத்து, நுனிவரை ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் தாளில் துடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் முதல் நாள் அந்தத் தாள், எள்ளைச் சிந்தியதுபோல் இருந்தது; சில எள் நடந்தன. பிரிட்டனில் சொல்லித்தரும் முறைப்படி 1, 5, 9, 13 ஆகிய நாட்களில் சீவ வேண்டும், 17ஆம் நாள் சோதிக்க வேண்டும். புதிதாகப் பொரித்தவை ஈர் வைக்கும் வயதுக்கு வருவதற்குள் அவற்றை வாரிவிடுவதுதான் அந்த இடைவெளியின் கணக்கு. அடர்ந்த நீண்ட முடிக்கு ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்துக்கு மேல் போகும். சுருள் முடிக்கு இன்னும் பொறுமை வேண்டும்.

சீப்பா, மருந்தா என்பதற்குப் பிரிட்டனிலேயே நடந்த இரண்டு சோதனைகள் நேர் எதிரான பதில் தந்திருக்கின்றன. 2000ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வந்த சோதனையில், மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லி மருந்தைப் போட்டவர்களில் 78% பேருக்குப் பேன் ஒழிந்தது. ஈரத்தலை சீவியவர்களில் 38% பேருக்குத்தான். 2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்ததில், சீப்புக் கூட்டத்தில் 57%, கடை மருந்துக் கூட்டத்தில் வெறும் 13%. இரண்டில் ஒன்று பொய் என்று நான் நினைக்கவில்லை. அந்தந்த ஊர்ப் பேனின் எதிர்ப்பு, சீப்பின் தரம், சீவியவரின் பொறுமை, மருந்தை எத்தனை முறை போட்டார்கள் என்பது எல்லாம் இதில் கலந்திருக்கிறது. நான் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: சீப்பு மட்டும் போதும் என்று நம்புவதும் ஆபத்து, சீப்பே இல்லாமல் பாட்டிலை நம்புவதும் ஆபத்து.

மற்றவை மருத்துவரின் கையில் இருப்பது நல்லது. ஐவர்மெக்டின் 0.5% லோஷன், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு, ஒரே முறை, பத்து நிமிடம். ஈரை நேரடியாகக் கொல்லாவிட்டாலும் பொரித்த குஞ்சு பிழைப்பதில்லை. ஸ்பினோசாட் ஈரையும் கொல்கிறது. மாலத்தியான் லோஷன் சில வடிவங்களில் ஆல்கஹால் கலந்து வருவதால் எளிதில் தீப்பற்றும்; ஹேர் டிரையர்கூட ஆகாது.

லிண்டேன் என்று லேபிளில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நரம்பைப் பாதித்து வலிப்பை உண்டாக்கக்கூடியது. கலிஃபோர்னியா மாநிலம் 2002இலேயே மருந்தாகப் பயன்படுத்துவதைத் தடைசெய்துவிட்டது. மண்ணெண்ணெயைப் பற்றி எழுதவே தேவையிருக்கக் கூடாது. ஆனாலும் இன்னும் யாராவது ஒரு பாட்டி, ஒரு அத்தை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தோலை வேகவைக்கும், தீப்பிடித்தால் குழந்தையையே எரித்துவிடும். வேண்டாம்.

என் தேர்வு: டைமெத்திகோன் கிடைத்தால் அதுவும் சீப்பும். கிடைக்காவிட்டால் பெர்மெத்ரினை இரண்டு முறை ஒழுங்காகப் போட்டுச் சீப்பு. வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும். ஆனால் உயிருள்ள பேன் இருக்கும் தலைக்கு மட்டும்தான் மருந்து. மெத்தை, சோபா எல்லாவற்றுக்கும் பூச்சிமருந்து அடிப்பது வெட்டி வேலை. கடைசி இரண்டு நாளில் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, தொப்பியைச் சூடான நீரில் துவைத்தால் போதும்.

ஒரு சின்ன விஷயம். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போல வளர்கிறது. பேன் ஈர் வைப்பது தோலை ஒட்டி. ஆகவே தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பவை ஏறக்குறைய எல்லாமே காலிக்கூடுகள். அவற்றைப் பார்த்துப் பயந்து மறுபடி மறுபடி மருந்து ஊற்றுவதால் தலைத்தோல்தான் புண்ணாகும்.

செதில் உதிரும் தலை

பொடுகில் எதிரி மலசீசியா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை. அது எல்லோர் தலையிலும் குடியிருப்பதுதான். சிலர் தோல் மட்டும் அதோடு ஒத்துப்போவதில்லை. அதனால் இதில் 'ஒழித்துவிட்டோம்' என்று எதுவும் கிடையாது, அடக்கி வைப்பது மட்டுமே. பேனுக்கும் பொடுகுக்கும் உள்ள பெரிய வேறுபாடும் இதுதான்: அங்கே இரண்டு மூன்று வாரத்தில் கணக்கை முடிக்கலாம், இங்கே தவணை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கீட்டோகோனசோல் 2% எனக்கு முதல் தேர்வு. நுரையை மூன்று முதல் ஐந்து நிமிடம் தலையில் நிறுத்தி அலச வேண்டும். வாரம் இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரம். அதன் பிறகு வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ. தேய்த்த கையோடு அலசிவிட்டால் காசும் மருந்தும் வடிகாலுக்கு.

செலினியம் சல்ஃபைடும் பூஞ்சையை அடக்குகிறது. தோல் செல்கள் வேகமாகப் பெருகுவதையும் மட்டுப்படுத்துகிறது. திறமையில் குறைவில்லை. ஆனால் வாடை உண்டு, வெளிர் நிற முடியிலும் சாயம் போட்ட முடியிலும் நிறம் பிடிக்கலாம், நகைகளைக் கறுக்கவைக்கும். தோடு, சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளியுங்கள். ஜிங்க் பைரிதியோன் லேசான பொடுகுக்குப் போதும். மருந்தின் சாயல் இல்லாத அன்றாட ஷாம்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும் 2022 மார்ச் முதல் அழகுசாதனப் பொருட்களில் இதற்கு இடமில்லை.

தடித்து, வெள்ளி நிறத்தில் அடுக்கடுக்காக, நெற்றி விளிம்பைத் தாண்டியும் செதில் வருகிறதென்றால் அது பொடுகாக இல்லாமல் சொரியாசிஸாக இருக்கலாம். அங்கே பூஞ்சை மருந்தால் பெரிய பலன் இல்லை. சாலிசிலிக் அமிலம் செதிலை இளக்கும்; நிலக்கரித் தார் அரிப்பையும் செல் பெருக்கத்தையும் குறைக்கும். தாரின் வாடையைச் சகிக்க ஒரு மனம் வேண்டும். போட்ட அன்று வெயிலில் தோல் எளிதில் கன்றிப்போகும். அடுத்த படி குளோபெட்டசோல் ஸ்டீராய்டு ஷாம்பு. அதை உலர்ந்த தலையில் போட்டு 15 நிமிடம் கழித்து அலச வேண்டும், நான்கு வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது. மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடவே வேண்டாம்.

கழுத்துக்குக் கீழே

தேமலுக்குத் தலை ஷாம்பையே உடம்பில் பூசச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்க ஒன்றுமில்லை, அதுவும் அதே மலசீசியாதான். கீட்டோகோனசோலை ஐந்து நிமிடம் வீதம் அதிகபட்சம் ஐந்து நாள், அல்லது செலினியம் சல்ஃபைடு 2.5% பத்து நிமிடம் வீதம் ஏழு நாள். எதிலும் பூஞ்சை போன பிறகு தோலின் நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். மருந்து பலிக்கவில்லை என்று அவசரப்படாதீர்கள்.

சிரங்குக்கு மட்டும் பேன் ஷாம்பை நம்பக் கூடாது. மருந்தின் பெயர் இரண்டிலும் பெர்மெத்ரின்தான். ஆனால் தோலுக்குள் வளை தோண்டும் அந்த நுண்ணுண்ணிக்கு 5% கிரீம், கழுத்திலிருந்து பாதம் வரை, 8 முதல் 14 மணி நேரம் வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். பத்து நிமிடத்தில் கழுவிப்போகும் 1% அதன் வளை வாசலைக்கூடத் தட்டாது.

எந்த ஷாம்பும் ஆகாத தலைகளும் உண்டு. வழவழவென்று வட்டமாக முடி கொட்டியிருந்தால் அது புழுவெட்டு. பெயரில்தான் புழு, உண்மையில் உடலின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குவது. குழந்தையின் தலையில் வட்டமாகச் செதிலும், தோலை ஒட்டி ஒடிந்த முடியின் கரும்புள்ளிகளும் தெரிந்தால் அது தலைப் படர்தாமரை. பூஞ்சை முடிக்குள்ளேயே புகுந்திருப்பதால் கிரிசியோஃபல்வின், டெர்பினஃபின் போன்ற மாத்திரையைப் பல வாரம் கொடுக்க வேண்டும். கீட்டோகோனசோல் ஷாம்பு அங்கே துணைக்கு மட்டும்: மற்றக் குழந்தைகளுக்குப் பரவும் வித்துக்களைக் குறைக்கும். அந்த இடம் வீங்கி, அழுத்தினால் பொதபொதவென்று, சீழ் வடிய இருந்தால், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தள்ளிப்போட்டால் அங்கே தழும்பு விழுந்து முடி திரும்ப முளைக்காமலே போகலாம்.