வயசான நாய்க்கு மூட்டு வலி: சிப்பிப் பவுடரா, குளுக்கோசமைனா, மீன் எண்ணெயா?

எங்கள் மணி லாப்ரடார், வயது ஒன்பது. போன தை மாதம் ஒரு காலையில் ஹாலில் படுத்திருந்தவன் எழுந்திருக்க நான்கு முறை முயன்றான். பின்னங்கால் நகம் மொசைக் தரையில் வழுக்குகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. ஐந்தாவது தடவை எழுந்துவிட்டான். ஆனால் உடனே நடக்கவில்லை, தலையைத் தொங்கப்போட்டுக் கொஞ்ச நேரம் நின்றான். தெருமுனை வரை நடந்து உடம்பு சூடானதும் பழையபடி ஆகிவிட்டான். படுத்து எழும்போது விறைப்பும், நடக்க நடக்க அது தளர்வதும் மூட்டுத் தேய்மானத்தின் பழகிய அடையாளம். எக்ஸ்ரே எடுத்தோம். இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்திருந்தன.

அப்புறம்தான் டப்பா வேட்டை தொடங்கியது. மதுரையில் எந்த பெட் ஷாப்புக்குப் போனாலும் மூட்டுக்கென்று ஒரு அடுக்கே இருக்கிறது. எல்லாவற்றிலும் ‘இயற்கை’ என்றும் ‘கடலிலிருந்து’ என்றும் போட்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பவை மூன்று வெவ்வேறு சரக்குகள்.

அதிகம் விற்பது குளுக்கோசமைன். இறால், நண்டு ஓட்டில் உள்ள கைட்டினை அமிலத்தில் சிதைத்து எடுப்பது இது. கூடவே காண்ட்ராய்டின் சேர்த்திருப்பார்கள்; அது பெரும்பாலும் மாட்டுக் குருத்தெலும்பிலிருந்தோ சுறாவிலிருந்தோ வருகிறது. மூட்டுக் குருத்தெலும்பில் இருக்கிற பொருளையே வாய்வழியாகக் கொடுத்தால் மூட்டு தேறும் என்பது கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆட்டுக்கால் சூப் குடித்தால் முட்டிக்கு நல்லது என்று என் அத்தை சொல்வதும் இதே கணக்கில்தான். ஆனால் நாய்களிடம் சோதித்தபோது பலன் நிலையாகத் தெரியவில்லை. 2007-இல் வந்த ஓர் ஆய்வில் 70 நாள் கொடுத்த பிறகு முன்னேற்றம் தெரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றில் பல, ஒன்றும் தெரியவில்லை என்றே முடிந்தன. 2022-இல் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய், பூனைகளிடம் நடந்த சோதனைகளை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்து, குளுக்கோசமைன்–காண்ட்ராய்டினை மூட்டு வலிக்குப் பரிந்துரைப்பதையே நிறுத்தலாம் என்று எழுதினார்கள். மணிக்கு நான் இரண்டு மாதம் கொடுத்தேன். மாத்திரையை ஆசையாகத் தின்றான். தரையில் நகம் வழுக்குவது அப்படியேதான் இருந்தது.

அடுத்தது, டப்பாவில் கிரீன் லிப்டு மஸ்ஸல் என்று போட்டு வருவது. ஓட்டின் விளிம்பு பச்சையாக இருப்பதால் அந்தப் பெயர். பச்சை உதட்டுச் சிப்பி என்று வைத்துக்கொள்வோம். நியூசிலாந்துக் கடலில் மட்டுமே வளர்கிற இனம். இதன் சதை முழுவதையும் உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். அதனால் வீக்கத்தைத் தணிக்கிற ஒமேகா-3 கொழுப்பும், காண்ட்ராய்டின் வகைப் பொருள்களும் ஒரே பொடியில் கிடைக்கின்றன. இதற்குக் கொஞ்சம் நல்ல சாட்சி இருக்கிறது. பின்லாந்தில் 45 நாய்களை மூன்றாகப் பிரித்து எட்டு வாரம் பார்த்தார்கள். சிப்பிப் பொடி தின்றவை, மருந்தில்லாத வெறும் மாத்திரை தின்றவற்றைவிடத் தேறின. ஆனால் கார்ப்ரோஃபென் என்ற வலி மருந்து வாங்கியவை அதைவிட நன்றாகத் தேறின. 2009-இல் வெளியான இந்த முடிவைத்தான் நான் நம்புகிறேன்: சிப்பிப் பொடியால் பலன் உண்டு, மருந்தின் இடத்தை அது பிடிக்காது.

வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்னால் பெரிய எழுத்தில் சிப்பி படம் போட்டிருக்கும். பின்னால் ஒரு மாத்திரைக்குச் சிப்பிப் பொடி 50 மில்லிகிராம், மீதியெல்லாம் குளுக்கோசமைன் என்று இருக்கும். அந்த பின்லாந்து ஆய்வில் கொடுத்தது நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராமிலிருந்து தொடங்குகிறது. 35 கிலோ நாய்க்கு 700 மில்லிகிராம். 50 மில்லிகிராம் மாத்திரையில் 14 விழுங்க வேண்டும்! தனிச் சிப்பிப் பொடியாக, குளிரில் உறையவைத்து உலர்த்தியதாகப் பார்த்து வாங்குவதே சரி. சூடுபட்டால் அந்தக் கொழுப்பு கெட்டுவிடும். நல்ல பொடியைத் திறந்தால் புதுக் கருவாட்டு வாடை அடிக்கும். காறல் வாடை வந்தால் கொடுக்காதீர்கள். இறக்குமதிச் சரக்கு என்பதால் விலை கையைக் கடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் கடலிலேயே சிப்பி கிடைக்கிறதே, வாங்கி அவித்துப் போட்டால் என்ன என்று கேட்கலாம். நானும் கேட்டேன். குளச்சல் பக்கம் பாறையில் இறங்கி எடுப்பது வேறு இனம். நம் பச்சைச் சிப்பியிலிருந்து கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மூட்டு வலிக்கு ஒரு சாறு தயாரித்திருக்கிறது, அது மனிதர்களுக்கானது. வீட்டில் அவித்தால் சூட்டில் சத்து போகும், பச்சையாகப் போட்டால் கிருமி பயம். இறால் ஓட்டை அரைத்துப் போடுவதிலும் பயனில்லை. நாயின் வயிறு அந்த ஓட்டைக் குளுக்கோசமைனாகப் பிரிக்காது.

மூன்றாவது மீன் எண்ணெய். சிப்பி டப்பாக்களுக்குப் பக்கத்தில் இதை வைக்க மாட்டார்கள், ஆனால் போட்டியில் முந்துவது இதுதான். இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்புகள்தான் இதில் வேலை செய்பவை. 2010-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வுகளில், மீன் எண்ணெய் சேர்த்த தீனி தின்ற நாய்கள் மூட்டில் எடையைத் தாங்கி ஊன்றுவது கூடியது. சிலவற்றுக்கு வலி மருந்தின் அளவையே குறைக்க முடிந்தது. இங்கேயும் லேபிள் கணக்கு உண்டு. கேப்சூல் 1000 மில்லிகிராம் என்றால் சாதாரணச் சரக்கில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 தான் இருக்கும். பெரிய நாய்க்கு ஒன்றிரண்டு காணாது. எத்தனை என்பதை டாக்டர் எடை பார்த்துச் சொல்லட்டும். திடீரென்று கூட்டினால் வயிற்றைக் கலக்கும். மெடிக்கல் ஷாப்பில் மீன் எண்ணெய் கேட்டால் சில நேரம் மீன் ஈரல் எண்ணெயை எடுத்து நீட்டுவார்கள். இரண்டும் ஒன்றில்லை. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ, டி இருப்பதால் அளவு மிஞ்சினால் நஞ்சு. மதுரை வெயிலுக்கு டப்பாவை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

கிரில் என்ற குட்டி இறால் போன்ற கடலுயிரின் எண்ணெயும் நல்லதுதான். அதே கொழுப்புக்கு அதிக விலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதில் கரிமேட்டில் மத்தி வாங்கி, உப்பில்லாமல் அவித்து வாரம் இரண்டு நாள் போடுகிறேன்.

நான் டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போனபோது அவர் ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. “இதெல்லாம் அப்புறம் சார். முதல்ல இவனத் தராசுல ஏத்துங்க” என்றார். 41 கிலோ. உசிலம்பட்டித் தோட்டத்தில் அப்பா வளர்க்கிற சிப்பிப்பாறை நாய்க்குப் பன்னிரண்டு வயது, விலா எலும்பை எண்ணிவிடலாம், இன்றும் வரப்பைத் தாண்டிக் குதிக்கிறது. இனம் வேறுதான், இருந்தாலும் உடம்பின் பாரம்தான் எனக்கு உறைத்தது. 48 லாப்ரடார் குட்டிகளை ஆயுள் முழுக்கப் பார்த்த ஓர் ஆய்வு 2002-இல் வந்தது. கால் பங்கு குறைவாகத் தின்றவை ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வலியும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. எந்த டப்பாவும் இவ்வளவு கொடுத்ததில்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நாய் நொண்டுகிறது என்று நம் வீட்டு இபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக், பாராசிட்டமால் எதையும் கொடுத்துவிடாதீர்கள். உயிரே போய்விடும்.

மணி இப்போது 34 கிலோ. ஹாலில் அவன் நடக்கிற வழியெல்லாம் தேங்காய் நார் மிதியடி போட்டிருக்கிறோம். தினமும் மீன் எண்ணெய் போகிறது. குளுக்கோசமைனை நிறுத்தி நாளாயிற்று. சிப்பிப் பொடி மூன்று மாதம் கொடுத்தேன். படி ஏறுவது இலகுவான மாதிரி இருந்தது, ஆனால் எடையும் அப்போதுதான் குறைந்துகொண்டிருந்தது, எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கத் தெரியவில்லை. மார்கழிக் குளிரில் விறைப்பு கூடும் என்பதால் கார்த்திகைக் கடைசியில் பொடியை மறுபடி தொடங்கலாம் என்று டாக்டரும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.